வேட்டை அம்பு முனை

வேட்டை அம்பு முனை என்பது பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாடுவதற்காக அம்பின் நுனியில் பொருத்தப்படும், கூரிய விளிம்புகளைக் கொண்ட தகட்டு வடிவ முனை ஆகும். இது ஆங்கிலத்தில் பிராட்ஹெட் என அழைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் இது அகன்ற முனை எனக் குறிப்பிடப்படுகிறது. துப்பாக்கிக் குண்டு தாக்கத்தின் வலிமையால் கொல்கிறது. அம்போ உடலின் உள்ளே குருதிக் குழாய்களையும் நுரையீரலையும் அறுப்பதன் மூலம் கொல்கிறது. எனவே முனையின் கூர்மை, வடிவம், உறுதி ஆகியனவும் அம்பின் நிறையும், அடிபட்ட விலங்கு சில வினாடிகளில் இறக்குமா அல்லது காயத்துடன் தப்பிப் பல நாட்கள் துன்புறுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

தமிழகத்தில் அம்பு முனைகள் இரும்புக் காலப் புதைகுழிகளிலும், வில் வேட்டை பற்றிய செய்திகள் சங்க இலக்கியத்திலும் கிடைக்கின்றன. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, வில்லையும் அம்பையும் ஆயுதங்களாக வரையறுக்கிறது. இன்று இந்நாட்டில் காட்டு விலங்குகளை அம்பால் வேட்டையாடுவது குற்றமாகும்.

## சொற்கள்

தமிழில் அம்பைக் குறிக்கக் கணை, வாளி, பகழி, சரம், கோல் முதலிய பல சொற்கள் உள்ளன. அம்புகளை இட்டு வைக்கும் கூடு தூணி, அம்பறாத்தூணி, ஆவநாழிகை எனப்படும். பிறை வடிவில் அமைந்த முனையை உடைய அம்பு பிறைமுக வாளி எனப்படும். வடமொழி வழியாக அர்த்தசந்திர பாணம் என்ற பெயரும் வழங்குகிறது. வேட்டையைத் தொழிலாகக் கொண்ட மக்கள் இலக்கியங்களில் வேட்டுவர், எயினர், குறவர், வேடர் என்ற பெயர்களால் குறிக்கப்படுகின்றனர்.

ஓர் அம்பு பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்டது. அவை முனை, தண்டு, இறகு, நாணில் பொருந்தும் பிளவு என்பனவாம்.

## முனை வகைகள்

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் ஆயுதச் சாலைக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறும் பகுதியில், அம்பு முனைகள் இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் செய்யப்படும் என்றும், அவை அறுத்தல், பிளத்தல், அடித்தல் ஆகிய செயல்களுக்கு உரியவை என்றும் குறிப்பிடுகிறது. இம்மூன்று செயல்களையும் இன்றைய வகைப்பாட்டோடு எளிதில் பொருத்திப் பார்க்கலாம்.

* அறுக்கும் முனை: அகன்ற, தட்டையான, விளிம்பு தீட்டப்பட்ட முனை. பெரிய விலங்குகளை வேட்டையாடப் பயன்படுவது இதுவே.
* துளைக்கும் முனை: ஒடுங்கிய, ஊசி போன்ற முனை. கவசத்தைத் துளைக்கப் போரில் பயன்பட்டது. உடலில் சிறிய துளையை மட்டுமே ஏற்படுத்துவதால் வேட்டைக்குப் பொருத்தமற்றது. இன்றைய போட்டி வில்வித்தையில் பயன்படும் இலக்கு முனையும் தோற்றத்தில் இதை ஒத்தது.
* அடிக்கும் முனை: மழுங்கிய மர முனை அல்லது எலும்பு முனை. பறவைகளையும் சிறு விலங்குகளையும், தோலோ இறகோ கெடாமல் வீழ்த்த உதவுவது.

அகன்ற முனைகள் தண்டில் பொருத்தப்படும் முறையாலும் வேறுபடுகின்றன. காம்பு உடைய முனை, தண்டின் நுனியில் செருகப்பட்டு நாரால் அல்லது விலங்கின் தசைநாணால் இறுகக் கட்டப்படும். இதனைச் செய்வது எளிது. ஆனால் எலும்பில் மோதும்போது காம்பு பின்னோக்கித் தள்ளப்பட்டு ஓர் ஆப்பு போலத் தண்டையே பிளந்துவிடக் கூடும். குழல் உடைய முனையில் தண்டு முனைக்குள் செருகப்படுவதால் இக்குறை குறைவு. ஆயினும் இரும்புத் தகட்டைக் குழலாகச் சுருட்டத் தேர்ந்த கொல்லர் தேவை.

## செயற்படும் முறை

### ஆற்றலும் உந்தமும்

அம்பு சுமந்து செல்லும் ஆற்றல் மிகக் குறைவு என்பது பலருக்கும் வியப்பளிக்கக் கூடியது. கீழே உள்ள அட்டவணையில் நான்கு எறிபொருட்கள் ஒப்பிடப்பட்டுள்ளன. நிறையும் வேகமும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்ட, நடைமுறைக்கு நெருக்கமான மதிப்புகள். இயக்க ஆற்றல், நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வரும் மதிப்பில் பாதி ஆகும். உந்தம், நிறையையும் வேகத்தையும் பெருக்க வருவது.

| எறிபொருள் | நிறை (கிராம்) | வேகம் (மீட்டர்/வினாடி) | இயக்க ஆற்றல் (யூல்) | உந்தம் (கிலோகிராம் மீட்டர்/வினாடி) |
|---|---|---|---|---|
| மரபு வில்லின் கனத்த அம்பு | 40 | 50 | 50 | 2.0 |
| கப்பி வில்லின் இலகுவான அம்பு | 26 | 85 | 94 | 2.2 |
| வேகப் பந்து வீச்சாளர் எறியும் கிரிக்கெட் பந்து | 160 | 40 | 128 | 6.4 |
| வேட்டைத் துப்பாக்கிக் குண்டு | 9.7 | 850 | 3,504 | 8.2 |

சேப்பாக்கம் மைதானத்தில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, வேட்டை அம்பைவிட அதிக ஆற்றலும் மூன்று மடங்கு உந்தமும் உடையது. அப்பந்து விலா எலும்பை முறிக்கலாம். மானின் உடலைத் துளைத்து மறுபுறம் செல்லாது. அம்பு செல்லும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் விசை செயற்படும் பரப்பளவு. தீட்டப்பட்ட விளிம்பு ஒரு மில்லிமீட்டரின் மிகச் சிறு பங்கே தடிப்புடையது. குறைந்த விசையும் அவ்வளவு சிறிய பரப்பில் குவியும்போது தோலையும் தசையையும் அறுக்கப் போதுமானதாகிறது.

### இறப்புக்கான காரணம்

அம்பு இரு நுரையீரல்களையும் அல்லது இதயத்தையும் பெருங்குழாய்களையும் அறுத்தால், குருதி அழுத்தம் விரைவாக வீழ்ந்து மூளைக்குக் குருதி செல்வது நின்றுவிடுகிறது. மார்புக்கூட்டில் துளை ஏற்படுவதால் காற்று உட்புகுந்து நுரையீரலும் சுருங்குகிறது. இந்நிலையில் மான் போன்ற விலங்கு பெரும்பாலும் சில வினாடிகளில் உணர்விழந்து, சிறிது தொலைவிலேயே விழுந்துவிடும்.

கூரான விளிம்பால் நேராக அறுக்கப்பட்ட குருதிக் குழாய் தாராளமாகக் குருதியை வெளியேற்றும். மழுங்கிய விளிம்பால் கிழிக்கப்பட்ட குழாயின் ஓரங்கள் நைந்திருப்பதால், அங்கு குருதி எளிதில் உறைந்து ஒழுக்கு குறையும். ஆகவே மழுங்கிய முனை ஆழமாகப் பாய்ந்தாலும் விலங்கு தப்பியோட வாய்ப்பு அதிகம்.

அம்பு உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறுவது விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது. வெளியேறும் துளை பெரும்பாலும் கீழ்ப்புறமாக அமைவதால் குருதி தரையில் சிந்தி, விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்க வழிகாட்டுகிறது.

### ஒலியும் தொலைவும்

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை நாணின் ஒலி 0.09 வினாடியில் எட்டிவிடும். வினாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு அங்குச் சேர 0.35 வினாடி ஆகும். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்புக்கு 0.60 வினாடி ஆகும். அதாவது ஒலியைக் கேட்ட விலங்குக்கு முதல் வில்லில் கால் வினாடியும் இரண்டாவதில் அரை வினாடியும் கிடைக்கின்றன. பாய்வதற்காக உடலைத் தாழ்த்த மானுக்கு இந்நேரம் போதும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு அதனால் முதுகுத் தசையில் படக்கூடும். வில் வேட்டை எக்காலத்திலும் மிகக் குறுகிய தொலைவில், பதுங்கியிருந்து செய்யப்படும் வேட்டையாகவே இருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

## செயல்திறனைத் தீர்மானிக்கும் காரணிகள்

* கூர்மை: அனைத்திலும் முதன்மையானது. பிற காரணிகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் மழுங்கிய முனை பயனற்றது.
* நீள அகல விகிதம்: அகன்ற முனை ஓர் ஆப்பு ஆகும். ஒடுங்கி நீண்ட ஆப்பு குறைந்த விசையில் உட்செல்லும். அமெரிக்க வில்லாளர் ஹோவார்டு ஹில், முனையின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்காக இருக்க வேண்டும் என வலியுறுத்தினார். 25 மில்லிமீட்டர் அகலம் உடைய முனைக்கு 75 மில்லிமீட்டர் நீளம் என்பது இதன் பொருள்.
* தகடுகளின் எண்ணிக்கை: இரண்டு விளிம்புகளுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு விளிம்புகள் இருந்தால் அறுபடும் நீளம் கூடுகிறது, உராய்வும் கூடுவதால் பாயும் ஆழம் குறைகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது.
* அம்பின் நிறை: ஒரே வில்லிலிருந்து எய்யப்படும் கனத்த அம்பு, இலகுவான அம்பைவிட மெதுவாகச் சென்றாலும் வில்லின் ஆற்றலில் கூடுதல் பங்கைப் பெறுகிறது. அதன் உந்தமும் அதிகம். எலும்பைக் கடக்க இது உதவுகிறது.
* நேரான பறப்பு: தண்டு வளைந்தோ ஆடியோ செல்லும் அம்பு, இலக்கில் படும்போது பக்கவாட்டில் ஆற்றலை இழக்கிறது. அகன்ற முனை தானே ஒரு சிறகு போலக் காற்றில் செயற்பட்டு அம்பைத் திசை திருப்பக் கூடும். இதைச் சமன் செய்யப் பின்புறம் பெரிய இறகுகள் தேவைப்படுகின்றன.
* உறுதி: நுனி மடங்கினாலோ தகடு வளைந்தாலோ அம்பு உடனடியாக நின்றுவிடும்.

## வரலாறு

### கற்காலம்

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த, 60,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான முனைகள் அம்பு முனைகளாகக் கருதப்படுகின்றன. இலங்கையின் பாகியங்கல குகையில் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழமையானவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் பயன்பட்டதற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இவற்றை 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு முன்வைத்தது. அக்குகை வாழ் மக்கள் குரங்கு, அணில் போன்ற மரவாழ் விலங்குகளை வேட்டையாடினர். ஒடுங்கிய எலும்பு முனை அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. இவை குறித்து சாய்னர், ஆல்சின் ஆகியோர் 1956ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர்.

### இரும்புக் காலம்

ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டை 1876ஆம் ஆண்டில் செருமானியரான யாகோர் அகழ்ந்தார். பின்னர் 1899ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ அங்கு விரிவான அகழாய்வு நடத்தினார். வாள், ஈட்டி ஆகியவற்றுடன் இரும்பு அம்பு முனைகளும் அங்குக் கிடைத்தன. ரீ கண்டெடுத்த பொருட்களின் விளக்கப் பட்டியல் 1915ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிடப்பட்டது. செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள பெரும்பேர் என்னும் ஊரின் புதைகுழிப் பொருட்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை குறித்து மாநிலத் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு சனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிவகளையில் பெறப்பட்ட மாதிரிகளின் அடிப்படையில் அது இரும்புப் பயன்பாட்டின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிக் கொண்டு செல்கிறது.

இரும்பின் வருகை வில் வேட்டையின் தன்மையை மாற்றியது. கல் முனை மிகவும் கூரியது. ஆயினும் எலும்பில் பட்டால் உடையும். இரும்பு முனை வளைந்தாலும் மீண்டும் அடித்து நேராக்கலாம், மழுங்கினால் தீட்டலாம், ஒரே அளவில் பல செய்யலாம்.

### வல்வில் ஓரியின் அம்பு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கொல்லிமலைத் தலைவனுமான ஓரி, வில்லாற்றலால் வல்வில் ஓரி என அழைக்கப்பட்டான். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் இவனது வேட்டையைப் பாடியுள்ளார். அப்பாடலின்படி, எய்யப்பட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமான் கலையை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் இருந்த உடும்பின் உடலில் தைத்து நின்றது.

இயற்பியல் நோக்கில் இது நிகழக்கூடியது அன்று. யானையின் தோல் சில இடங்களில் இரண்டரைச் சென்டிமீட்டர் வரை தடிப்புடையது; அதன் விலா எலும்புகள் அகன்றவை. இருபதாம் நூற்றாண்டில் மிக வலிய வில்லும் மிகக் கனத்த அம்பும் கொண்டு யானையை வேட்டையாடிய வில்லாளர்களுக்கு, அம்பை அதன் நுரையீரல் வரை செலுத்துவதே அரிய செயலாக இருந்தது. எனவே இப்பாடலின் செய்தி உயர்வு நவிற்சி எனக் கொள்ளத் தக்கது.

ஆயினும் பாடலின் வரிசை கவனிக்கத் தக்கது. விலங்குகள் பெரியதிலிருந்து சிறியது நோக்கிப் பெரும்பாலும் இறங்கு வரிசையில் அமைந்துள்ளன. யானையைக் கடந்த அம்பு, உடும்பைக் கடக்கவில்லை. ஒவ்வோர் உடலும் அம்பின் விசையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்ற, வேட்டுவர் கண்டறிந்திருக்கக் கூடிய உண்மையோடு இவ்வமைப்பு இசைந்து போகிறது.

### நடுகற்களும் பக்தி இலக்கியமும்

தமிழகத்தின் நடுகற்களில் வில்லேந்திய வீரரின் உருவங்களும், உடலில் அம்பு தைத்த வீரரின் உருவங்களும் காணப்படுகின்றன. செங்கம் பகுதி நடுகற்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. புலியுடன் பொருது இறந்தவர்க்கும் பன்றியுடன் பொருது இறந்தவர்க்கும் எடுக்கப்பட்ட கற்கள் முறையே புலிக்குத்திக் கல், பன்றிக்குத்திக் கல் என வழங்கப்படுகின்றன.

பெரிய புராணம் கூறும் அறுபத்து மூன்று நாயன்மாருள் கண்ணப்பர் வேடர் குலத்தவர். காளத்தி இறைவனின் கண்ணில் குருதி வடிந்தபோது அவர் தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார் என்பது வரலாறு. அம்பு எய்யும் கருவியாக மட்டுமன்றிக் கையில் பிடித்து அறுக்கும் கத்தியாகவும் பயன்படத்தக்கது என்பது இதில் இயல்பாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. அகன்ற, விளிம்பு தீட்டிய முனைக்கே இது பொருந்தும்.

### இலங்கை வேடர்

கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான இராபர்ட் நாக்சு, 1681ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் இலங்கை வேடர்கள் அம்பு முனை பெற்ற முறையைப் பதிவு செய்துள்ளார். அம்புகள் தேவைப்படும்போது வேடர் இரவில் கொல்லரின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய முனையின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலையையும் அருகில் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லர் அவ்வடிவத்திலேயே செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கைம்மாறு செய்வர். செய்யாவிடில் அவருக்குத் தீங்கு விளையும்.

ஒருவரை ஒருவர் காணாமலும் ஒரு சொல்லும் பேசாமலும் நடந்த இவ்வணிகத்தில், வேடர் கொல்லருக்குத் தெரிவித்த ஒரே செய்தி முனையின் நீளமும் அகலமும் வளைவும் ஆகும். வேட்டையை நம்பி வாழ்ந்த மக்கள் முனையின் வடிவத்துக்கு அளித்த முதன்மையை இது காட்டுகிறது.

### அந்தமான்

அந்தமான் தீவுகளின் பழங்குடிகள் காட்டுப் பன்றியை வேட்டையாடப் பயன்படுத்திய அம்பு வேறொரு தீர்வைக் கொண்டது. இதன் இரும்பு முனை தண்டிலிருந்து கழன்று விடும். ஆனால் ஒரு கயிற்றால் தண்டுடன் இணைந்திருக்கும். அடிபட்ட பன்றி ஓடும்போது தண்டு பின்னால் இழுபட்டுச் செடிகொடிகளில் சிக்கி, அதைத் தடுத்து நிறுத்தும். உடனடியாகக் கொல்ல இயலாத நிலையில் விலங்கை இழக்காமல் இருப்பதற்கான வழி இதுவாகும்.

இத்தீவினர் இரும்பை உருக்குவதில்லை. கரையொதுங்கிய கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பைத் தட்டித் தீட்டிப் பயன்படுத்தினர். வடக்கு சென்டினல் தீவருகே 1981ஆம் ஆண்டில் தரைதட்டிய பிரிம்ரோசு என்ற சரக்குக் கப்பலில் இருந்தும் அத்தீவினர் இரும்பு எடுத்தனர்.

### இருபதாம் நூற்றாண்டு

துப்பாக்கி பரவியபின் வில் வேட்டை உலகின் பெரும்பகுதியில் மறைந்தது. அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்காக மீண்டும் தோன்றியதற்கு யாகி இனத்தைச் சேர்ந்த இசி என்பவர் காரணமானார். 1911ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு வந்து 1916ஆம் ஆண்டில் இறந்த இவரிடம், சாக்சுடன் போப் என்ற அறுவை மருத்துவர் வில்வித்தையும் எரிமலைக் கண்ணாடியில் முனை செதுக்கும் முறையும் கற்றார். போப் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் வில் வேட்டையைப் பரப்பியது. எரிமலைக் கண்ணாடி முனை எஃகு முனையைவிட ஆழமாகப் பாய்ந்ததைத் தம் சோதனையில் அவர் கண்டார்.

பிரெட் பேர் 1956ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ரேசர்ஹெட் என்ற முனை, இரு விளிம்புகள் கொண்ட முதன்மைத் தகட்டோடு, குறுக்கே செருகும் சவர அலகு போன்ற மெல்லிய தகட்டையும் கொண்டிருந்தது. கப்பிகள் வழியாக நாணை இழுக்கும் கப்பி வில்லுக்கு ஆலன் என்பவர் 1969ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இதனால் அம்பின் வேகம் வெகுவாக உயர்ந்தது. பறக்கும்போது மடங்கியிருந்து, உடலில் பட்டவுடன் விரியும் முனைகளும் பின்னர் சந்தைக்கு வந்தன. இவை நேராகப் பறக்கின்றன. ஆனால் விரிவதற்கே ஆற்றலின் ஒரு பங்கைச் செலவிடுகின்றன.

எட் ஆசுபி என்ற அமெரிக்கர் 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், வேட்டையாடப்பட்ட விலங்குகளின் உடல்களில் அம்பு பாய்ந்த விதத்தை நேரடியாக ஆராய்ந்து பதிவு செய்தார். பெரிய எலும்புகளைக் கடக்க ஏறத்தாழ 42 கிராமுக்கு மேற்பட்ட கனமும், நீண்டு ஒடுங்கிய இருவிளிம்பு முனையும், உடையாத கட்டமைப்பும் தேவை என்பது அவர் கண்ட முடிவு. ஒவ்வொரு விளிம்பையும் ஒரு பக்கம் மட்டும் தீட்டினால் முனை உட்செல்லும்போது சுழன்று எலும்பைப் பிளக்கிறது என்றும் அவர் கூறினார். வேகமே முதன்மையானது என்ற விற்பனை விளம்பரங்களுக்கு மாறான இம்முடிவுகள் வில்லாளர்களிடையே நீண்ட விவாதத்தை ஏற்படுத்தின.

## காயமுற்ற விலங்கு

வில் வேட்டை குறித்த முதன்மையான எதிர்ப்பு, அம்பு தைத்தும் இறக்காமல் தப்பும் விலங்குகளைப் பற்றியது. வயிற்றில் அம்பு பட்ட விலங்கு பல மணி நேரம், சில வேளைகளில் பல நாட்கள் உயிருடன் இருக்கும். குடலில் உள்ள பொருள் உடற்குழியில் பரவி நோய்த்தொற்றால் அது இறக்க நேரிடும்.

இச்சிக்கல் புதியது அன்று. தமிழ் அகப்பொருள் மரபில், தலைவன் தலைவியையும் தோழியையும் நெருங்கிப் பேசத் தொடங்குவதற்கு ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்வான். தான் எய்த அம்புடன் ஒரு யானை இவ்வழி வந்ததா என்று கேட்பது வேழம் வினாதல் எனவும், கலைமான் வந்ததா என்று கேட்பது கலைமான் வினாதல் எனவும் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இவ்விரு துறைகளும் உள்ளன. அம்பு தைத்த விலங்கு கண்ணுக்கு மறைந்து ஓடுவதும், எய்தவன் அதைத் தேடி அலைவதும் எவரும் நம்பத்தக்க அன்றாட நிகழ்ச்சியாக இருந்தமையாலேயே இது பொருத்தமான சாக்காக அமைந்தது எனலாம்.

வில் வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகளில் இத்துன்பத்தைக் குறைக்கும் நோக்கில் விதிகள் உள்ளன. பல அமெரிக்க மாநிலங்கள் முனையின் குறைந்தபட்ச அகலத்தை 22 மில்லிமீட்டர் என்ற அளவில் நிர்ணயித்துள்ளன. உடலிலிருந்து கழன்று வராதவாறு பின்னோக்கிய முட்களைக் கொண்ட முனைகளைச் சில மாநிலங்கள் தடை செய்துள்ளன. தப்பும் விலங்கு முனையை உடலிலேயே சுமந்து திரியக் கூடாது என்பது இதன் நோக்கம். டென்மார்க், பின்லாந்து, பிரான்சு முதலிய நாடுகள் வில் வேட்டையை அனுமதிக்கின்றன. செருமனி, ஐக்கிய இராச்சியம் ஆகியவற்றில் அது தடை செய்யப்பட்டுள்ளது.

## இந்தியச் சட்டம்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ஆயுதம் என்பதற்குத் தரும் வரையறையில் துப்பாக்கி, வெடிபொருள், வலை, கண்ணி, நஞ்சு ஆகியவற்றுடன் வில்லும் அம்பும் பெயர் கூறிச் சேர்க்கப்பட்டுள்ளன. வேட்டையாடுதல் என்பதற்கான வரையறையில் கொல்வது மட்டுமன்றிக் காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் அடங்கும். ஆகவே அம்பு தவறிப் போனாலும், விலங்கு காயத்துடன் தப்பினாலும் குற்றம் குற்றமே.

தொடக்கத்தில் இச்சட்டம் உரிமம் பெற்று வேட்டையாட ஓரளவு இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவ்வழி அடைக்கப்பட்டது. மனித உயிருக்கு ஊறு விளைவிக்கும் விலங்கு போன்ற குறிப்பிட்ட நிலைகளில், தலைமை வனவிலங்குக் காப்பாளர் முதலிய அதிகாரிகளின் அனுமதியுடன் மட்டுமே விலங்கைக் கொல்ல இயலும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கான குறைந்தபட்ச அபராதத்தை 25,000 ரூபாயாக உயர்த்தியது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு முன்பே வழங்கப்பட்டிருந்த வேட்டை உரிமைகளை இச்சட்டம் பாதிப்பதில்லை.

தற்காப்பின்போது, நல்லெண்ணத்துடன், தன்னையோ பிறரையோ காக்க விலங்கைக் கொல்வது இச்சட்டத்தின்படி குற்றமாகாது.

## சென்னையில் காணத்தக்கவை

* அரசு அருங்காட்சியகம், எழும்பூர்: 1851ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆதிச்சநல்லூரில் ரீ கண்டெடுத்த இரும்புப் பொருட்களும், தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களும் இதன் சேகரிப்பில் உள்ளன.
* டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், பெசன்ட் நகர்: 1943ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வல்வில் ஓரியின் வேட்டையைக் கூறும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சிட்ட உ. வே. சாமிநாதையரின் சுவடிகளும் நூல்களும் இங்கு உள்ளன.
* கபாலீசுவரர் கோயில், மயிலாப்பூர்: பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் நடைபெறும் அறுபத்து மூவர் உலாவில், வேடரான கண்ணப்பர் உள்ளிட்ட நாயன்மார்களின் திருவுருவங்கள் மாட வீதிகளில் எடுத்துச் செல்லப்படுகின்றன.
* கிண்டி தேசியப் பூங்கா: அடையாற்றை அடுத்துள்ள இப்பகுதி முற்காலத்தில் வேட்டைக் காடாக இருந்தது. 1910ஆம் ஆண்டில் காப்புக்காடாகவும் 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். புள்ளிமானும், சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள வெளிமானும் இங்கு வாழ்கின்றன.

## இவற்றையும் பார்க்க

* வில்
* வில்வித்தை
* வல்வில் ஓரி
* ஆதிச்சநல்லூர்
* கண்ணப்ப நாயனார்
* இலங்கை வேடர்
* வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972
* கிண்டி தேசியப் பூங்கா